ஓலோஃபுக்கு அடித்த மணி

1709, செப்டம்பர் 4

வாற்கோதுமைக் கதிர் மழைக்கு முன் களஞ்சியம் சேர்ந்தது. கர்த்தருக்குத் தோத்திரம். சிவப்புப் பசு முன்னங்காலை ஊன்ற மறுக்கிறது. சமையலையும் தொழுவத்தையும் ஒருங்கே ஆளும் குனில்லா, குளம்பில் தார் பூசிவிட்டு என்னையும் வந்து பார்க்கச் சொன்னாள். எனக்குப் பசுவின் காலைப்பற்றி என்ன தெரியும்? பார்த்தேன்.

பிற்பகலில் அஞ்சற்குதிரைக்காரன் வந்தான். உக்ரேன் தேசத்தில் பொல்தாவா என்னும் ஊரருகே நம் அரசரின் சேனை ரஷ்யரிடம் முறிந்துபோயிற்று என்றான். எஞ்சியவர்கள் ஓர் ஆற்றங்கரையில் ஆயுதங்களைக் கீழே வைத்துச் சிறைப்பட்டார்களாம். எங்கள் ஏல்வ்மார்க் காலாட்படையைப் பற்றிக் கேட்டேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

என் பாட்டனார் நாளில் இப்படை ஜெர்மானிய நாடுகளுக்குச் சென்றது. அங்கே ஏதோவொரு தேவாலயத்திலிருந்து அவர்கள் எடுத்துவந்த வெள்ளிக் கிண்ணத்தில்தான் இன்றும் நான் திருவிருந்து கொடுக்கிறேன். என் தந்தையார் நாளில் உறைந்த கடலின்மேல் நடந்து டென்மார்க்கை அடைந்தது. இப்போது ஒரே காலைப்பொழுதில் இல்லாமற்போயிற்று.

1709, செப்டம்பர் 5, ஞாயிறு

பிரசங்கத்துக்குப் பின் செய்தியை அறிவித்தேன். பெண்கள் பக்கம் அழுகுரல் எழுந்தது. சிப்பாய் ஓலோஃபின் மனைவி மாரித் மட்டும் அழவில்லை. இரு பெண்குழந்தைகளையும் இருபுறமும் பிடித்துக்கொண்டு, பிரசங்க பீடத்தின் கீழேயுள்ள பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் என்னிடம், “செத்தவங்க பேர் வருமா ஐயரே, இல்ல மொத்தமாத்தான் சொல்லுவாங்களா?” என்று கேட்டாள். வரும் என்றேன். எங்கிருந்து வரும் என்று எனக்கே தெரியாது.

1709, அக்டோபர் 10, ஞாயிறு

அரசாங்கத்தின் ஆணையைப் பீடத்திலிருந்து வாசித்தேன். இவ்வாணைகளை வாசிப்பது குருவின் கடமை. பழைய படையின் இடத்தில் அதே பெயரில் புதிய படை கிறிஸ்துமஸுக்குமுன் திரட்டப்பட வேண்டும். அதே பண்ணைகளே ஆள் தரவேண்டும்.

எனக்குப் பின் இச்சேகரத்துக்குக் குருவாக வருபவர் வேற்றூராராக இருக்கக்கூடுமாகையால் எங்கள் வழக்கத்தை எழுதிவைக்கிறேன். நான்கைந்து பண்ணைகள் சேர்ந்தது ஒரு கூட்டு. ஒவ்வொரு கூட்டும் அரசருக்கு ஒரு சிப்பாயைத் தரும். அவனுக்கு ஒரு குடிலும் ஒரு துண்டு நிலமும் ஒரு பசுவும் கூட்டாரே கொடுப்பார்கள். அதற்கு ஈடாக அப்பண்ணைக்காரரின் பிள்ளைகள் போருக்கு இழுக்கப்படமாட்டார்கள். சிப்பாய் இறந்தால் அடுத்தவன் வருவான். குடில் அவனுக்கே உரியது. முந்தியவனின் மனைவி மக்கள் வெளியேற வேண்டும். வருகிறவன் மணமாகாதவனாயிருந்து அவளையே மணந்துகொண்டால் மட்டும் அவள் அங்கேயே இருக்கலாம். பல குடில்களில் அவ்வாறே நடந்திருக்கிறது.

பழைய இலத்தீன் புலவர்கள் போரைப் பாடும்போது கப்பல்களையும் கேடயங்களையும் வரிசைப்படுத்துவார்கள். குடில்களை அவர்கள் பாடியதாக எனக்கு நினைவில்லை.

1709, அக்டோபர் 14

பெரிய பண்ணைக்காரர் ஹோகன் வந்தார். மாரித்தின் குடில் அவருடைய கூட்டைச் சேர்ந்தது. என் மகள் சிசிலியாவை அவருடைய ஒரே மகன் ஆர்வித்துக்கு நிச்சயித்திருக்கிறோம். சிசிலியா பியர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தறிக்குத் திரும்பினாள்.

“ஆள் கிடைக்கலை ஐயரே,” என்றார். “ஒருத்தன் காட்டுக்குள்ள ஓடிட்டான். இன்னொருத்தன் கேட்ட நாள்லேருந்து இருமுறான். போன வாரம்வரைக்கும் காளையைக் கொம்பைப் பிடிச்சுத் திருப்பினவன்!”

“வேறு யாருமில்லையா?”

“இருக்கான். எங்கிட்ட வேலை செய்யற ஸ்வென். நாளைக்கே சட்டை மாட்டிக்கறேங்கறான். ஆனா மாரித்தைக் கட்டிவைக்கணுமாம். அவ இல்லாத குடில் எனக்கெதுக்குங்கறான்.”

“அவள் கணவன் இறந்தானென்று யார் சொன்னது?”

“உயிரோட இருக்கான்னு யார் சொன்னது?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, அடுத்த அறையில் தறி அடிக்கும் ஓசையைச் சற்று நேரம் கேட்டார். “நாங்க ஆள் தரலேன்னா ஆர்வித்தைப் பிடிச்சிட்டுப் போவாங்க. அப்புறம் உங்க பொண்ணு நெய்யற துணியை அவனுக்குப் போர்வையாக் குடுத்தனுப்புங்க. அங்க குளிராமே.”

யோசித்துச் சொல்வதாகக் கூறி அனுப்பினேன். பசுவின் கால் தேறிவிட்டது.

1709, அக்டோபர் 19

திருச்சபைச் சட்டத்தைப் புரட்டினேன். கணவன் காணாமற்போனால் மனைவி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அல்லது அவன் இறந்ததற்குச் சாட்சி வேண்டும். காத்திருக்க மாரித்துக்கு இடமில்லை. வசந்தத்தில் குடிலைவிட்டு வெளியேறினால் அவளும் குழந்தைகளும் யார் வாசலில் நிற்பார்கள்? இரக்கம் சட்டத்திலும் மேலானது என்றே வேதம் முழுவதும் காண்கிறேன்.

ஹோகன் சொன்னது இது: படையிலிருந்து தப்பிவந்த, ஓலோஃபின் படைத்துணைவன் ஒருவன் வீக்பி என்னும் ஊரில் தன் தமக்கை வீட்டில் படுத்திருக்கிறான். அவன் ஓலோஃப் விழுந்ததைக் கண்டதாக, அவனைப் பார்த்துவந்த ஒருவர் ஹோகனிடம் சொன்னாராம். நான் நேரில் சென்று அவனைக் கேட்பதே முறை. ஆனால் முதற்பனி பெய்து உருகிப் பாதை சேறாகிவிட்டது. இந்த வயதில் வீக்பி வரை வண்டியில் செல்வது இயலாது.

1709, அக்டோபர் 23

சிசிலியாவுடன் வீக்பி சந்தைக்குச் சென்று வந்தேன். மணப்பெண்ணின் தலையணிக்கு வெள்ளி நூல் வேண்டும் என்றாள். தரை இறுகிப் பாதை நன்றாகவே இருந்தது. படைத்துணைவனின் வீடு சந்தைக்கு அப்பால், ஆலையின் பக்கம் என்றார்கள். நூல் தேர்ந்தெடுக்கவே பொழுது சரியாகிவிட்டது.

1709, அக்டோபர் 30

இன்று ஓலோஃபுக்கு மணி அடிக்கச் சொன்னேன்.

எங்கள் ஊரில் மணி அடித்தால்தான் ஒருவன் இறந்தவன். உடல் கடலில் கிடக்கலாம், அயல்நாட்டுக் குழியில் கிடக்கலாம். மணி அடித்தபின் அவனுக்காக ஒருவரும் விளக்கு வைத்துக் காத்திருப்பதில்லை. மணியடிக்கும் கோயிற்பிள்ளை கயிற்றைக் கையில் பிடித்தவாறு, “எழுத்து ஏதாச்சும் வந்துச்சா ஐயா?” என்றார். சாட்சி கிடைத்தது என்றேன். அவர் அடித்தார்.

மணி ஓயுமுன் மாரித் வந்துவிட்டாள். பால்கறந்த கையோடு வந்திருந்தாள். கோயிற்பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள்.

“நிச்சயமா ஐயரே?”

“நிச்சயம், மகளே.”

அவள் புல்தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் தலைமேல் கைவைத்து ஜெபித்தேன். ஜெபம் நன்றாகவே வந்தது.

1709, நவம்பர் 2

குனில்லா இன்று ரொட்டி மாவை அடித்த அடியில் மேசை பெயர்ந்துவிடும்போல் இருந்தது. கடைசியில் வாய்திறந்தாள்.

“எங்க அண்ணன் மகனும் அதே படையிலதான் போனான்.”

“அறிவேன்.”

“ஓலோஃபுக்கு அடிச்சீங்க. அவனுக்கு ஏன் அடிக்கலை?”

“அவனைப் பற்றி நிச்சயமாகத் தெரியவில்லை.”

“ஓலோஃபுக்கு மட்டும் தெரிஞ்சுபோச்சாக்கும்,” என்றாள். பிறகு, நான் கேட்பதற்கென்றே அடுப்பிடம் சொன்னாள்: “சரிதான். அந்தப் பய குடில் இருக்கற கூட்டுல எந்தப் பண்ணைக்காரர் மகனும் நம்ம வீட்டு மாப்பிள்ளை இல்லையே.”

வேலைக்காரிகளின் நாவைப் பற்றிச் சாலொமோன் காலந்தொட்டே எச்சரிக்கை உண்டு. இரவுணவு உப்புக் கரித்தது.

1709, நவம்பர் 7, ஞாயிறு

ஸ்வென், மாரித் இருவருக்கும் முதல் திருமண அறிவிப்பு ஓலை வாசித்தேன். தடை சொல்வார் எவருமில்லை.

1709, நவம்பர் 14, ஞாயிறு

இரண்டாம் ஓலை. தடை இல்லை.

1709, நவம்பர் 21, ஞாயிறு

மூன்றாம் ஓலை. சற்றுக் கூடுதல் நேரம் காத்திருந்தேன். ஒருவரும் எழவில்லை.

1709, நவம்பர் 28, ஞாயிறு

மணமுடித்து வைத்தேன். ஸ்வென் கடன்வாங்கிய காலணியில் நின்றான். பெரிய உருவம், பெண்பிள்ளையின் கூச்சம். ஓலோஃபின் சின்ன மகள் விருந்தில் அவன் மடியிலேயே உறங்கிவிட்டாள். அவளை எழுப்ப மனமின்றி அவன் நடனத்துக்கும் எழவில்லை. ஊரார் கேலி செய்தார்கள். எனக்கு மிகுந்த ஆறுதலாக இருந்தது. நன்மையே நடந்திருக்கிறது.

1709, டிசம்பர் 16

புதிய படையின் ஆள்பார்வை நடந்தது. ஸ்வெனைப் பல் பார்த்து, உயரம் பார்த்து, ஏற்றுக்கொண்டார்கள். ஹோகன் எனக்கு ஒரு பன்றித் தொடை அனுப்பினார். கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்திகள் வார்த்தாயிற்று.

1710, பிப்ரவரி 3

படை தெற்கே புறப்பட்டது. டேனியர்கள் கடல்தாண்டி இறங்கியிருக்கிறார்கள். கோயில்முன் பனியில் நிறுத்தி ஆசீர்வதித்தேன். பழைய கொடியின் மாதிரியிலேயே புதுக்கொடி. பழைய சட்டைகளின் அளவிலேயே புதுச் சட்டைகள். தூரத்திலிருந்து பார்ப்பவர்க்கு அப்படை எங்கும் போகவேயில்லை என்று தோன்றும். அருகில் நின்ற எனக்கு முகங்கள் தெரிந்தன. ஏறக்குறைய யாவரும் இளைஞர்கள்.

1710, மார்ச் 12

தெற்கே நமக்கு வெற்றி. ஸ்வென் உயிரோடிருக்கிறான். மாரித் கருவுற்றிருப்பதாகக் குனில்லா சொன்னாள்.

1710, ஜூலை 6

தேன்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கட்டைக்கால் ஊன்றிக்கொண்டு ஒருவன் வந்தான். ஓலோஃப் இருந்த அதே அணியின் முரசுக்காரன், லாஸ்ஸெ என்று பெயர். உடல் முடமானவர்களை ரஷ்யர்கள் கைதிமாற்றத்தில் விட்டிருக்கிறார்கள். வடக்கே தன் ஊருக்குப் போகும் வழியில் வந்திருந்தான். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, நான் கேட்காமலே சொன்னான்:

“ஓலோஃபைத் தெரியுமே உங்களுக்கு? கல்லு மாதிரி இருக்கான் ஐயரே. கிழக்க ரொம்பத் தூரத்துல ஒரு ஊர்ல மரம் அறுக்கறான். ரெண்டு விரலைக் குளிர் தின்னுருச்சு. ‘எட்டு விரல் வேலை போதும் ரஷ்யனுக்கு, மிச்சம் என் வீட்டுக்கு’ங்கறான்.”

தேனீக்கள் என் கையில் கொட்டியதை நான் உணரவில்லை, இப்போது வீங்கியிருக்கிறது.

“நிச்சயமாக அவன்தானா?” என்றேன்.

“சங்கிலியில பக்கத்துப் பக்கத்துல நடந்தோம் ஐயரே. சின்னவளுக்கு முன்பல் விழுந்து முளைச்சிருக்குமான்னு கேட்டுவரச் சொன்னான்.”

குனில்லாவின் அண்ணன் மகனைப் பற்றியும் சொன்னான். அவன் போர்க்களத்திலேயே, இவன் கண்ணெதிரில் விழுந்தான்.

புறப்படும்போது வேலிக்கதவில் நின்று, “அவன் பொண்டாட்டிக்கு நீங்க சொல்லுவீங்களா?” என்றான்.

“நான் சொல்கிறேன்.”

“இன்னைக்கா?”

“தக்க சமயத்தில்.”

அவன் என்னை நெடுநேரம் பார்த்தான். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்தான். கட்டைக்காலின் ஓசை சாலைத் திருப்பம்வரை கேட்டது.

1710, ஜூலை 7

குனில்லாவின் அண்ணன் மகனுக்கு மணி அடித்தோம். அவள் எனக்கு நன்றி சொன்னாள். அது வசையைவிடக் கடினமாக இருந்தது.

கடந்த அக்டோபரில் எழுதியவற்றைப் பார்த்தேன். வீக்பிப் பாதையைப் பற்றி நான்கு நாள் இடைவெளியில் இருவேறாக எழுதியிருக்கிறேன்.

1710, ஜூலை 17, ஞாயிறு

குருமாருக்கெல்லாம் தலைவரான அத்தியட்சரிடமிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. ரஷ்யாவில் சிறைப்பட்டவர்களுக்காக இனி ஒவ்வொரு ஞாயிறும் ஜெபிக்க வேண்டும்; உயிரோடிருப்பதாக அறியப்பட்டவர்களைப் பெயர் சொல்லியே ஜெபிக்க வேண்டும். எங்கள் சேகரத்தில் அப்படி மூன்று பெயர்கள் வந்துள்ளன. மூன்றையும் வாசித்தேன். நான்காவதற்கு மூச்சு இழுத்தேன். பிறகு ஆமென் என்று முடித்தேன்.

1710, ஜூலை 21

மாரித் நிறைமாதத்தை நெருங்குகிறாள். இந்நிலையில் ஒரு பெண்ணிடம் இதைச் சொல்வது கொடுமை. பிரசவம் ஆகட்டும்.

1710, ஆகஸ்டு 11

உலர்புல் அறுத்துச் சேர்த்தாயிற்று. வேதத்தில் ஓர் அரசனின் கதை உண்டு; அடுத்தவன் மனைவியை விரும்பி, அவள் கணவனைப் போரின் முன்னணியில் நிறுத்தச் சொன்னவன். தீர்க்கதரிசி ஒருவர் வந்து, ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றி ஓர் உவமை சொல்லி, அவனையே அவனுக்குத் தீர்ப்பெழுத வைத்தார். வரும் ஞாயிறு அதைப் பிரசங்கிக்க எண்ணியிருந்தேன். வேறு பகுதியை எடுத்துக்கொண்டேன்.

நான் எவர் மனைவியையும் விரும்பவில்லை. ஒருவனையும் போருக்கு அனுப்பவில்லை. என் மகள் வீட்டில் நிம்மதியாகத் துணி நெய்யவேண்டும் என்பதைத் தவிர நான் விரும்பியது வேறெதுவுமில்லை.

இதை எழுதிவிட்டேன். அடித்து அழிக்கப்போவதில்லை.

1710, செப்டம்பர் 2

மாரித்துக்கு ஆண் குழந்தை. இருவரும் நலம். குனில்லா பேறுகாலம் பார்த்துவிட்டு, முழங்கைவரை கழுவியும் போகாத களைப்போடு வந்து உட்கார்ந்தாள்.

“ஓலோஃப்னு வைப்பா. வேறென்ன?” என்றாள்.

அதை நான் நினைத்திருக்கவில்லை. விதவை மறுமணம் செய்து ஆண்பிள்ளை பெற்றால் முதற்குழந்தைக்கு இறந்த கணவனின் பெயரையே வைப்பது எங்கள் நாட்டு மரபு. அது இறந்தவனுக்குச் செய்யும் மரியாதை. அவன் இடம் காலியாகவில்லை என்பதற்கு அடையாளம். உயிரோடிருப்பவனின் பெயரை அவ்விதம் வைப்பதோ அவனுக்குக் குழிவெட்டுவதற்குச் சமம். எந்தப் பெண்ணும் துணியாள்.

ஞானஸ்நானம் வரும் பதினொன்றாம் தேதி. அதற்குள் சொல்லியாக வேண்டும்.

1710, செப்டம்பர் 7

குடிலுக்குச் சென்றேன். வழியில் சொல்லவேண்டிய வாக்கியங்களை இலத்தீனில் அமைத்துப் பார்த்தேன். அம்மொழியில் அவை அவ்வளவு வலிக்கவில்லை. வாசலில் பெண்குழந்தைகள் பைன் காய்களைப் பசுக்களாக வைத்து மேய்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். முன்பல் முளைத்திருந்தது.

மாரித் குழந்தைக்குப் பால்கொடுத்துக்கொண்டிருந்தாள். எழவில்லை.

“உக்காருங்க ஐயரே. ரெண்டு மாசமா அந்த முக்காலியைத் துடைச்சு வெச்சிருக்கேன்.”

உட்கார்ந்தேன். “மாரித், உனக்கு ஒரு செய்தி...”

“முரசுக்காரர் முதல்ல இங்கதான் வந்தார்,” என்றாள். “எங்க வீடுதானே ரோட்டோரத்துல இருக்கு. எல்லாம் சொன்னார். விரல் போனது, மரம் அறுக்கறது, பல்லு. நான்தான் சொன்னேன்: ஐயர்கிட்ட போங்க, எனக்குத் தெரியாதுன்னே வெச்சுக்கங்க, மணி அடிச்சவர் அவர், அடுத்து என்னன்னு அவருக்குத் தெரியும்னு.”

நான் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தேன்.

“அன்னைக்கே வருவீங்கன்னு நெனச்சேன். பெரியவளைக் கோயில் வழிக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். ‘ஐயர் தேன் எடுக்கறார்மா’ன்னு வந்து சொன்னா.”

குற்றம் என்னுடையது என்றேன். சாட்சியை விசாரிக்காமல் மணி அடித்தேன், அறிந்தபின்னும் மறைத்தேன், இன்றே அத்தியட்சருக்கு எழுதி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வேன் என்றேன். சொல்லும்போதே நெஞ்சு இலேசானதை மறைப்பதற்கில்லை.

அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள். “எழுதினா உங்களுக்கு என்னாகும்?”

“அங்கி பறிபோகும்.”

“எனக்கு?”

நான் தொட்டிலைப் பார்த்தேன்.

“நான் சொல்றேன். இந்தக் கல்யாணம் செல்லாதும்பாங்க. இவனுக்குத் தகப்பன் இல்லை. ஸ்வென் பொண்டாட்டி இல்லாதவன், குடில் அவனுக்கு, நாங்க ரோட்டுக்கு. ‘ஜூலையிலேயே தெரிஞ்சு மறைச்சா, ரெண்டு புருஷன்காரி’ன்னு எவனாச்சும் சொல்லிட்டா என் கழுத்துக்குக் கோடாலிதான். உங்க மனசு ஆறணும்னு நான் கழுத்தை நீட்டணுமா ஐயரே?”

“பாவத்தை அறிக்கையிடாமல் நான் எப்படி...”

“அதை நீங்கதான் பார்த்துக்கணும்.” அவள் குரலில் கோபம்கூட இல்லை. “ஸ்வென் நல்லவர். அதுதான் பெரிய தொந்தரவு. கெட்டவரா இருந்தா நான் எப்பவோ கத்தியிருப்பேன்.”

வெளியே குழந்தைகள் பசுக்களை ஆற்றில் இறக்குவதாகச் சொல்லிச் சண்டையிட்டார்கள். நான் தாழ்ந்த குரலில், பெயரையாவது மாற்றலாமே, ஸ்வெனின் தந்தை பெயரை வைக்கலாமே என்றேன்.

“வெச்சா ஊர் சும்மா இருக்குமா? செத்தவன் பேரை ஏன் வைக்கலைம்பாங்க. குனில்லா அக்கா முதல் ஆளாக் கேப்பா. அப்புறம் சாகலையோம்பாங்க.” குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள். “நீங்க மணி அடிச்சீங்க. நான் பேர் வைக்கறேன். ஆளுக்கொரு பிடி மண்ணு போட்டாச்சு.”

“அவன் திரும்பி வந்தால்?”

“அப்ப நீங்க வந்து இந்த வாசல்ல நிக்கணும். நான் முதல்ல பேசமாட்டேன்.”

எழுந்தேன். எனக்கு ஒரு துண்டு பாலாடைக்கட்டி கொடுத்தாள், குருவானவரை வெறுங்கையோடு அனுப்பலாகாது என்பதால். வாங்கிக்கொண்டேன்.

1710, செப்டம்பர் 8

அத்தியட்சருக்கு எழுத உட்கார்ந்தேன். மகிமை பொருந்திய ஐயா என்பதுவரை எழுதினேன். அடுப்பில் போட்டேன்.

நாற்பதாண்டுக் காலம் இப்பீடத்திலிருந்து பாவ அறிக்கையைப் பற்றி உபதேசித்திருக்கிறேன். அறிக்கை செய்கிறவன் தன் சுமையை இறக்கிவைக்கிறான் என்றேன். யார் தலையில் இறக்கிவைக்கிறான் என்று எவரும் என்னைக் கேட்டதில்லை.

1710, செப்டம்பர் 11, ஞாயிறு

ஞானத்தகப்பனாக ஹோகன் நின்றார். ஸ்வென் தெற்கே படையிலிருப்பதால் தகப்பனின் இடம் காலியாக இருந்தது. கோயில் நிறைந்திருந்தது. தண்ணீர் குளிராக இருந்ததால் குனில்லா வெந்நீர் கலந்தாள்.

“இந்தப் பிள்ளைக்கு என்ன பெயர்?” என்று கேட்டேன். கேட்பது என் கடமை.

“ஓலோஃப்.”

பின்வரிசைவரை கேட்குமாறு மாரித் சொன்னாள். சபையில் நிறைவான ஒரு பெருமூச்சு எழுந்தது. யாரோ ஒரு பெண், “நல்லவ, மறக்கலை பாரு,” என்றாள். ஹோகன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் உண்மையாகவே நெகிழ்ந்தார்.

குழந்தையை வாங்கினேன். அந்தப் பெயரை என் வாயால் சொல்லியபடி மூன்றுமுறை தலையில் நீர் வார்க்க வேண்டும். முதன்முறை குரல் வந்தது. இரண்டாவதில் கம்மியது. மூன்றாவதை மாரித் உதட்டசைவால் எனக்கு முன்னே சொன்னாள், மனப்பாடம் மறந்த பிள்ளைக்கு எடுத்துக்கொடுப்பதுபோல. அவளைத் தொடர்ந்து நானும் சொன்னேன்.

“ஐயருக்கு வயசாயிட்டுது,” என்று வாசலில் பேசிக்கொண்டார்கள்.

1710, செப்டம்பர் 29

சிசிலியா, ஆர்வித் திருமணம் சிறப்பாக நடந்தேறியது. வெள்ளி நூல் தலையணியை எல்லாரும் மெச்சினார்கள். ஆர்வித் நன்றாக நடனமாடினான். மாரித் விருந்துக்கு ஒரு கூடை முட்டை கொடுத்தனுப்பியிருந்தாள்.

1710, அக்டோபர் 2, ஞாயிறு

முதல் உறைபனி. முட்டைக்கோஸ் வெட்டியாயிற்று.

சிறைப்பட்டவர்களுக்கான ஜெபத்தில் வழக்கம்போல் மூன்று பெயர்களையும் வாசித்தேன். மூன்றாவதற்கும் ஆமெனுக்கும் நடுவே ஒரு மூச்சளவு நிற்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மற்றவர்கள் அதைக் கவனிப்பதில்லை. முதுமை என்று எண்ணுகிறார்கள். இன்றும் நின்றேன்.

அந்த அமைதியில், பெண்கள் பக்கத்திலிருந்து மாரித்தின் குரல் வந்தது.

“ஓலோஃப்.”

உரக்கச் சொல்லவில்லை. சிணுங்கும் பிள்ளையை அடக்கும் தாய் சொல்லும் அளவுக்கே சொன்னாள். இரண்டொருவர் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள். ஆராதனையில் குழந்தை சிணுங்கினால் தாய் அதை வெளியே எடுத்துச் செல்வது வழக்கம். அவள் எழவில்லை. தலைகுனிந்து, கைகூப்பி இருந்தாள்.

நான் பீடத்தின் உயரத்திலிருந்து பார்த்தேன். குழந்தை அவள் மடியில் வாய் திறந்தபடி அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தது.

ஆமென் என்றேன். சபையாரும் ஆமென் என்றார்கள்.